ஒரு பணித்துண்டுக்கு எத்தனை வாட்-மணி? தன்னார்வக் கணிப்பும் கிராஃபிக்ஸ் கார்டின் மின்கணக்கும்

1999 மே மாதம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து, வேற்றுலக அறிவுயிர்களைத் தேடும் செட்டி@ஹோம் திட்டம் தொடங்கியபோது, பொதுமக்களிடம் அது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் கணினி சும்மா இருக்கும் நேரத்தைத் தாருங்கள். அரெசிபோ வானொலித் தொலைநோக்கி பதிவு செய்த அலைகளைச் சிறு பணித்துண்டுகளாக வெட்டி உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பி, விடைகளைத் திரும்பப் பெற்ற அந்தத் திட்டம், வீணாகப் போகும் ஒன்றைப் பயனுள்ளதாக்குவதாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. அன்றைய நிலையில் அது பெருமளவுக்கு உண்மையும்கூட. அக்காலச் செயலிகள் முழு வேகத்தில் உழைத்தாலும் சில பத்து வாட்டுக்கு மேல் எடுக்கவில்லை. உழைக்காமல் இருக்கும்போது மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும் திறமையும் அவற்றுக்குப் பெரிதாக வாய்க்கவில்லை. எப்படியும் எரியப்போகும் மின்சாரம் அறிவியலுக்குப் பயன்பட்டது.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. இத்தகைய பணிகளுக்கு இப்போது அதிகம் பயன்படும் கிராஃபிக்ஸ் கார்டு வேலையில்லாத நேரத்தில் பத்து, இருபது வாட் அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது. கணிப்புப் பணி வந்தவுடன் அதே கார்டு 200, 300, சில மாதிரிகளில் 575 வாட் வரை ஏறுகிறது. ஆகவே தன்னார்வலர் இப்போது கொடுப்பது ஓய்வு நேரத்தை அன்று, மின்சாரத்தை. 300 வாட்டில் இரவு பகலாக ஓடும் ஒரு கார்டு அறுபது நாட்களில் 432 யூனிட் மின்சாரத்தை எடுத்துவிடும். இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, பயன்பாடு கூடக்கூடக் கட்டண விகிதமும் படிப்படியாக உயரும் தமிழ்நாட்டு வீடு ஒன்றில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை: வீட்டின் வழக்கமான செலவுக்கு மேலே ஏறும் இந்த 432 யூனிட்டும் உயர்ந்த படிகளின் விலையில்தான் கணக்கிடப்படும்.

இதனால், சொந்தக் கணினியை ஆய்வுக் கணக்குகளுக்குத் தரும் இந்தத் தன்னார்வக் கணிப்பைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்தில்லை. ஸ்டான்ஃபோர்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஃபோல்டிங்@ஹோம் புரதங்கள் மடிந்து அசையும் விதத்தைக் கணித்துவருகிறது. 2005இல் தொடங்கிய ஐன்ஸ்டீன்@ஹோம் ஈர்ப்பலைத் தரவுகளையும், பல்சர் எனப்படும் துடிப்பு விண்மீன்களின் அலைகளையும் சலித்து, 2010இல் வானொலித் துடிப்பு விண்மீன் ஒன்றைக் கண்டறிந்து அறிவித்தது. 2020இல் கோவிட் பரவிய மாதங்களில் ஃபோல்டிங்@ஹோமில் இணைந்த கணினிகளின் கூட்டு வேகம் நொடிக்கு ஓர் எக்ஸாஃப்ளாப் (ஒன்றுக்குப் பின் பதினெட்டுச் சுழிகள் இட்ட எண்ணிக்கையிலான கணக்குகள்) என்ற எல்லையைத் தாண்டியது. அன்றைக்கு உலகின் எந்த மீக்கணினியும் எட்டாத வேகம் அது. இந்தப் பணிகளுக்கு மதிப்பு இருப்பதனால்தான் அவற்றுக்குச் செலவாகும் ஒவ்வொரு யூனிட்டும் எவ்வளவு வேலையை முடித்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியைச் சரியான அளவுகோலால் கேட்பவர்கள் குறைவு. கார்டின் பெட்டியில் அச்சிட்ட வாட் அளவும், முடித்த வேலைக்குத் திட்டம் வழங்கிப் பட்டியலிடும் புள்ளிகளும் தவறான விடைக்கு இட்டுச் செல்லக்கூடியவை. அளக்க வேண்டியது ஒன்றுதான்: சரிபார்த்து ஏற்கப்பட்ட ஒரு பணித்துண்டுக்குச் சுவர் பிளக்கிலிருந்து எத்தனை வாட்-மணி (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்) போயிற்று என்பது.

முதலில் அச்சிட்ட எண்களைப் பார்ப்போம், ஏனெனில் பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். 2010இல் வந்த என்விடியா நிறுவனத்தின் ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 480 கார்டு 250 வாட்டில் நொடிக்கு 1.34 டெராஃப்ளாப் (ஒரு டெராஃப்ளாப் என்பது லட்சம் கோடி கணக்குகள்) வேகத்தை, எண்களைக் குறைந்த இலக்கங்களோடு கையாளும் ஒற்றைத் துல்லியக் கணக்கில் தரக்கூடியது; வாட்டுக்கு ஏறத்தாழ 5 கிகாஃப்ளாப் (டெராஃப்ளாப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு கிகாஃப்ளாப்). 2014இன் ஜிடிஎக்ஸ் 980 அதை 30 ஆக்கியது. 2016இன் ஜிடிஎக்ஸ் 1080, 16 நானோமீட்டர் தயாரிப்பு முறைக்கு மாறி, 180 வாட்டில் 8.87 டெராஃப்ளாப், அதாவது வாட்டுக்கு 49 என்ற நிலைக்கு வந்தது. 2020இன் ஆர்டிஎக்ஸ் 3080க்கு 320 வாட், 29.8 டெராஃப்ளாப், வாட்டுக்கு 93. 2023இன் ஆர்டிஎக்ஸ் 4070 ஏறக்குறைய அதே 29 டெராஃப்ளாப்பை 200 வாட்டில் தருகிறது, வாட்டுக்கு 146. பத்துப் பதின்மூன்று ஆண்டுகளில் இருபத்தைந்து மடங்குக்கும் மேலான முன்னேற்றம் இது. இதில் பெரும்பங்கு சிப் தயாரிப்பு முறை சிறுத்துக்கொண்டே வந்ததன் பயன். சாம்சங்கின் 8 நானோமீட்டரில் செய்த 3080க்கும் தைவானின் டிஎஸ்எம்சி செய்த 4070க்கும் உள்ள இடைவெளியே அதற்குச் சான்று. அந்தத் தயாரிப்பு முறையில் பெரிய மாற்றம் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை 2025இன் ஆர்டிஎக்ஸ் 5090 காட்டியது: 575 வாட்டில் 104.8 டெராஃப்ளாப். வகுத்துப் பார்த்தால், 450 வாட்டில் 82.6 தரும் முந்தைய 4090க்கும் அதற்கும் வாட்டுக்கான வேகத்தில் வேறுபாடே இல்லை. இரண்டும் 183 அளவில் நிற்கின்றன. புதிய கார்டு வேகமானது என்பதற்காக அது சிக்கனமானது என்று கொள்ள முடியாது.

இந்த எண்கள் காட்டும் பொதுத் திசை சரியானது. ஆனால் இரண்டு கார்டுகளுக்கு இடையே எது சிறந்தது என்று இவற்றை மட்டும் வைத்து முடிவு கட்டுவது தவறு. 3080ஐயே எடுத்துக்கொள்ளலாம். 2018இன் ஆர்டிஎக்ஸ் 2080க்கு 10 டெராஃப்ளாப், 3080க்கு 30. மும்மடங்கு வேகம் என்று தோன்றும். முந்தைய வடிவமைப்பில் முழு எண் கணக்குகளுக்கென்றே தனியாக இருந்த பாதையை, 3080இன் வடிவமைப்பு தசம எண் கணக்குக்கும் பயன்படுத்திக்கொள்ளும்படி மாற்றியது. காகிதத்தில் எண் இரட்டித்தது. ஆனால் உண்மையான அறிவியல் நிரலில் முகவரி கணக்கிடுவதும் சுழற்சிகளை எண்ணுவதுமாக முழு எண் வேலை எப்போதும் கலந்தே வருகிறது. அது வரும்போதெல்லாம் அந்தப் பாதை பங்குபோடப்படுகிறது. நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரும் வேகமும் அதே விகிதத்தில் உயரவில்லை. ஆகவே பணித்துண்டு முடியும் நேரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைவதில்லை.

இன்னொரு சிக்கல் கார்டு மிகப் பெரியதாக இருப்பதனால் வருகிறது. 4090 கார்டில் 16,384 கணிப்பு அலகுகள் உள்ளன. சில பத்தாயிரம் அணுக்களே கொண்ட ஒரு சிறிய புரதத்தின் அசைவைக் கணிக்கும்போது அத்தனை அலகுகளுக்கும் கொடுக்க வேலை இருக்காது. ஒவ்வொரு படிக்கும் இடையே கார்டு அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும், காத்திருக்கும்போதும் மின்சாரம் எடுக்கும். அதே பணியை நடுத்தரக் கார்டு ஒன்று சற்று மெதுவாக, ஆனால் குறைந்த மின்சாரத்தில் முடிப்பதுண்டு. ஐன்ஸ்டீன்@ஹோம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: கணக்கின் அமைப்புப் பக்கத்தில் கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாட்டு விகிதத்தை 0.5 என்று மாற்றினால், ஒரே கார்டில் இரண்டு பணித்துண்டுகள் ஒருசேர ஓடும். ஒன்று காத்திருக்கும் இடைவெளியில் மற்றது கார்டைப் பயன்படுத்திக்கொள்ளும். பெரிய கார்டு வைத்திருப்பவர்கள் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டிய அமைப்பு அது.

எண்களை இன்னும் அதிக இலக்கங்களோடு கையாளும் இரட்டைத் துல்லியக் கணக்குக்கு வந்தால் படம் இன்னும் மாறுகிறது. விளையாட்டுகளுக்கு ஒற்றைத் துல்லியம் போதும் என்பதால், வீட்டு உபயோகக் கார்டுகளில் இரட்டைத் துல்லிய அலகுகளின் எண்ணிக்கையை நிறுவனங்கள் வேண்டுமென்றே குறைத்துவிட்டன. இப்போதைய ஜிஃபோர்ஸ் கார்டுகளில் இரட்டைத் துல்லிய வேகம் ஒற்றைத் துல்லியத்தின் அறுபத்து நான்கில் ஒரு பங்குதான், 82.6 டெராஃப்ளாப் என்று சொல்லப்படும் 4090 இந்தக் கணக்கில் 1.29 டெராஃப்ளாப்புக்கு இறங்கிவிடுகிறது. 2012இல் கடைக்கு வந்த, என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரேடியான் எச்டி 7970இல் அந்த விகிதம் நான்கில் ஒன்று. 250 வாட்டில் 947 கிகாஃப்ளாப். காகிதக் கணக்கில் வாட்டுக்கு 3.8. 4090க்கோ 2.9தான் வருகிறது! பத்தாண்டு பழைய கார்டு ஒன்று இந்த ஒரு வகை வேலையில் புதிய கார்டுக்கு முன்னே நிற்கிறது. 2019இல் வெளிவந்த ரேடியான் 7 கார்டு 300 வாட்டில் 3.36 டெராஃப்ளாப் தந்ததாலும் நொடிக்கு ஒரு டெராபைட் நினைவக வேகம் கொண்டிருந்ததாலும், இரட்டைத் துல்லியம் தேவைப்படும் பகா எண் தேடலில் ஈடுபடுவோரிடையே நீண்ட காலம் விரும்பப்பட்டது. தரவு மையங்களுக்கான என்விடியா ஏ100இல் இந்த வேகம் 9.7 டெராஃப்ளாப், 400 வாட் என்று வைத்தாலும் வாட்டுக்கு 24.

ஆனால் இங்கும் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. இரட்டைத் துல்லிய வேலை ஓடும்போது 4090 தன் 450 வாட்டையும் எடுப்பதில்லை. பெரும்பாலான அலகுகள் சும்மா இருப்பதால் அது குறைவாகவே எடுக்கும். எனவே பெட்டியில் அச்சிட்ட வாட்டால் வகுத்து வந்த 2.9 என்ற எண் அந்தக் கார்டுக்கு அநீதி செய்கிறது. எவ்வளவு அநீதி என்பது அந்தத் திட்டத்தின் நிரலை அந்தக் கார்டிலேயே ஓட்டி அளந்தால்தான் தெரியும். கார்டின் திறன் என்று தனியாக ஒன்று இல்லை. கார்டும் திட்டமும் சேர்ந்த இணைக்கே திறன் உண்டு. புரத அசைவைக் கணிக்கும் பணிக்குச் சிறந்த கார்டு பகா எண் தேடலுக்கு மோசமானதாக இருக்கலாம்.

கையில் இருக்கும் கார்டை மாற்றாமலே தன்னார்வலர் செய்யக்கூடிய மிகப் பெரிய சீர்திருத்தம் மின்வரம்பை, அதாவது கார்டு எடுக்க அனுமதிக்கும் அதிகபட்ச வாட்டை, குறைப்பது. இதன் அடிப்படை எளிய இயற்பியல். சிப்பின் டிரான்சிஸ்டர்கள் எடுக்கும் மின்திறன் அவற்றின் கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். விற்பனைப் போட்டியில் வேகச் சோதனைப் பட்டியல்களில் முந்துவதற்காகத் தயாரிப்பாளர்கள் கார்டை, வேகத்தோடு மின்திறன் ஏறுவதைக் காட்டும் வளைவின் செங்குத்தான முனையில் நிறுத்தி அனுப்புகிறார்கள். கடைசி ஐந்து பத்து சதவீத வேகத்துக்காக மிக அதிகமான வாட்கள் செலவாகின்றன. அந்த முனையிலிருந்து சற்றே இறங்கினால் இழப்பு சிறிது, சேமிப்பு பெரிது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு வேகத்தில் 300 வாட் எடுத்து ஒரு பணித்துண்டை ஒரு மணி நேரத்தில் முடிக்கும் கார்டு ஒன்று இருப்பதாகவும், கணினியின் மற்ற பாகங்கள் 80 வாட் எடுப்பதாகவும் கொள்வோம். பணித்துண்டுக்கு ஆகும் மின்னாற்றல் 380 வாட்-மணி. வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பத்து சதவீதம் குறைத்தால், கார்டின் மின்திறன் 0.9ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் 0.73 பங்காகி, 219 வாட்டுக்கு இறங்கும். பணி முடிய 67 நிமிடம் ஆகும். செலவு 332 வாட்-மணி. வேகத்தை எழுபது சதவீதத்துக்கும் மின்னழுத்தத்தை எண்பது சதவீதத்துக்கும் கொண்டுவந்தால் கார்டு 134 வாட்டில் ஓடும், பணி 86 நிமிடம் எடுக்கும், செலவு 306. இன்னும் இறங்கலாமே என்று தோன்றும். ஆனால் மின்னழுத்தத்துக்கு ஒரு தரைமட்டம் உண்டு. அதற்குக் கீழே சிப் இயங்காது. அந்தத் தரை எழுபத்தைந்து சதவீதத்தில் இருப்பதாகக் கொண்டு வேகத்தைப் பாதியாக்கினால், கார்டு 84 வாட்டுக்கு இறங்கினாலும் கணினி முழுவதும் இரண்டு மணி நேரம் விழித்திருக்க வேண்டியிருப்பதால் செலவு மீண்டும் 328 வாட்-மணியாக ஏறிவிடுகிறது. சிக்கனத்துக்கென்று ஒரு நடுப்புள்ளி இருக்கிறது, இந்த எடுத்துக்காட்டில் அது முழு வேகத்தின் அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையே விழுகிறது. உண்மையான கார்டில் டிரான்சிஸ்டர்கள் வழியே வீணாகக் கசியும் மின்சாரமும் நினைவகத்தின் செலவும் சேர்வதால் எண்கள் மாறும். வளைவின் வடிவம் மாறாது.

இந்தக் கணக்கில் 80 வாட் என்ற அடித்தளம்தான் விடையைத் தீர்மானிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கணினி வேறு காரணத்துக்காக எப்படியும் நாள் முழுவதும் ஓடுகிறது என்றால் அந்த 80 வாட்டைக் கணிப்பின் பொறுப்பில் எழுதுவது நியாயமில்லை. அப்போது கார்டை மேலும் மெதுவாக்குவதில் நட்டமில்லை. கணிப்புக்காகவே கணினியை இரவெல்லாம் விழிக்க வைத்தால் முழுச் செலவும் அதன் தலையில்தான் விழும். இரண்டு கார்டுகளை ஒரே கணினியில் பொருத்துபவர் அந்த அடித்தளத்தை இரண்டாகப் பங்கிட்டுக்கொள்கிறார்.

மின்வரம்பைக் குறைப்பதற்குத் தனித்திறமை எதுவும் தேவையில்லை. விண்டோஸில் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற கருவியில் ஒரு நழுவியை (ஸ்லைடர்) இழுத்தால் போதும். லினக்ஸில் என்விடியா தரும் கட்டளைக் கருவிக்கு எத்தனை வாட் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், ஆனால் கணினியை மறுபடி தொடங்கும்போது அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதை மறக்கக் கூடாது. மின்வரம்பைக் குறைப்பதும் மின்னழுத்தத்தை நேரடியாகக் குறைப்பதும் ஒன்றல்ல. முன்னதில் கார்டு தயாரிப்பாளர் சோதித்து வைத்த வளைவின் மீதே கீழிறங்குகிறது. அதனால் பிழை நேரும் வாய்ப்பு கூடுவதில்லை. பின்னதில் அந்த வளைவையே மாற்றுகிறோம். மேலும் சில வாட்கள் மிச்சமாகலாம். ஆனால் ஒரு எல்லைக்குக் கீழே கார்டு சத்தமில்லாமல் தவறான விடைகளைத் தரத் தொடங்கும். விளையாட்டில் அது திரையில் ஒரு புள்ளி பிசகுவதோடு போய்விடும். அறிவியல் கணக்கில் பணித்துண்டே செல்லாததாகி, அதற்குச் செலவான மின்சாரம் முழுவதும் வீணாகிவிடும். இருபதில் ஒரு பணித்துண்டு நிராகரிக்கப்பட்டால் ஐந்து சதவீதச் சேமிப்பு அங்கேயே கரைந்துவிட்டது.

புள்ளிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிக்கனத்தைப் பற்றிப் பேசும் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் ஒரு வாட்டுக்கு எத்தனை புள்ளி என்றே ஒப்பிடுகிறார்கள். தன்னார்வத் திட்டங்கள் பலவற்றுக்குப் பொதுவான மென்பொருளான பாயிங்க் தளத்தில் இயங்கும் பல திட்டங்களில் ஒரு வகைப் பணித்துண்டுக்கு ஒரே புள்ளி. அங்கே அந்த ஒப்பீடு செல்லும், ஒரே திட்டத்துக்குள் மட்டும். வெவ்வேறு திட்டங்கள் வெவ்வேறு அளவில் புள்ளி வழங்குவதால் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் பொருளில்லை. ஃபோல்டிங்@ஹோமில் நிலைமை வேறு. அங்கே விரைவாகத் திருப்பி அனுப்புபவருக்கு ஊக்கப் புள்ளி உண்டு. அது எடுத்துக்கொண்ட நேரத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைகிறது. நாளொன்றுக்கு முடிக்கும் துண்டுகளின் எண்ணிக்கையும் வேகத்தோடு உயர்வதால், மொத்தத்தில் ஒரு நாளின் புள்ளிகள் வேகத்தின் ஒன்றரை மடிக்கு விகிதமாகின்றன. வேகம் இரட்டித்தால் புள்ளி ஏறத்தாழ 2.8 மடங்காகிறது.

மேலே போட்ட கணக்கையே புள்ளிகளில் மாற்றிப் பார்த்தால் விளைவு தெளிவாகத் தெரியும். வேகத்தைத் தொண்ணூறு சதவீதமாக்கும்போது, ஒரு வாட்டுக்கு முடியும் வேலை 14 சதவீதம் கூடுகிறது. ஒரு வாட்டுக்கான புள்ளியோ எட்டரை சதவீதம்தான் கூடுகிறது. எழுபது சதவீத வேகத்தில் வேலைக் கணக்கில் லாபம் 24 சதவீதம். புள்ளிக் கணக்கில் வெறும் 4. புள்ளியைப் பின்தொடர்பவர் வளைவின் மேல்முனைக்கு அருகிலேயே நின்றுவிடுவார். மின்சாரத்தைப் பின்தொடர்பவர் வெகுதூரம் கீழே இறங்குவார். புதிய பெரிய கார்டுகள் பழையவற்றைவிடப் பன்மடங்கு சிக்கனமானவை என்ற தோற்றத்தில் ஒரு பகுதியும் இந்த ஊக்கப் புள்ளியால் வந்தது.

அந்த ஊக்கப் புள்ளி முறை காரணமில்லாமல் வைக்கப்பட்டதில்லை. ஒரு புரதத்தின் அசைவைக் கணிக்கும் தொடரில், இரண்டாம் துண்டு முதல் துண்டின் முடிவிலிருந்தே தொடங்க முடியும். முதல் துண்டு வந்து சேரும்வரை அடுத்தது காத்திருக்கும். ஆகவே ஒருவர் விரைவாக முடிப்பது ஆய்வாளருக்கு உண்மையாகவே பயன் தருகிறது. பகா எண் தேடலில் அப்படியில்லை. ஒவ்வோர் எண்ணும் தனித்தனி, நாளை வந்தாலும் நாளை மறுநாள் வந்தாலும் ஒன்றுதான். என் கணிப்பில், ஃபோல்டிங்@ஹோமுக்கு உதவுபவர் தொண்ணூறு சதவீத வேகத்தை ஒட்டி நிற்பதும், அவசரமில்லாத திட்டங்களுக்கு உதவுபவர் எழுபது வரை இறங்குவதும் பொருத்தமாக இருக்கும்.

இனி அளப்பது எப்படி என்ற கேள்வி. கார்டின் மென்பொருள் காட்டும் வாட்டை அப்படியே நம்பக் கூடாது. என்விடியா கருவிகள் பொதுவாகக் கார்டு முழுவதன் மின்திறனைக் காட்டுகின்றன. ஏஎம்டியின் பழைய தலைமுறைக் கார்டுகள் சில சிப்பின் அளவை மட்டுமே காட்டுவதால், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏஎம்டி கார்டு உள்ளதைவிடச் சிக்கனமாகத் தெரியும். பிளக்குக்கும் கணினிக்கும் இடையே பொருத்தும் சிறிய மின்அளவி ஒன்றே போதுமான கருவி. ஒரே வகைப் பணித்துண்டுகள் மட்டும் வரும்படி திட்டத்தின் அமைப்பில் தேர்ந்தெடுத்து, ஒரு முழு நாள் ஓடவிட்டு, அளவியில் ஏறிய யூனிட்டுகளை அந்த நாளில் ஏற்கப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் நமக்கு வேண்டிய எண் கிடைத்துவிடும். பிறகு மின்வரம்பை ஒரு படி இறக்கி அதையே திரும்பச் செய்ய வேண்டும். ஐந்து படிகள் அளந்தால் வளைவின் அடிப்பகுதி எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஐந்து நிமிட அளவீடு ஏமாற்றும்; கார்டு சூடேறச் சூடேறக் கசிவு மின்சாரம் கூடி, அதே வேகத்துக்கு அதிக வாட் எடுக்கும்.

சுவரில் அளப்பதனால் கார்டுக்கு வெளியே ஒளிந்திருக்கும் செலவுகளும் கணக்கில் வந்துவிடுகின்றன. அரைச் சுமையில், 80 பிளஸ் எனும் திறன் சான்று முறையில் வெண்கலத் தரச்சான்று பெற்ற பவர் சப்ளை 85 சதவீதமும் தங்கத் தரச்சான்று பெற்றது 90 சதவீதமும் திறன் காட்ட வேண்டும் என்பது 115 வோல்ட் சோதனையின் விதி. உள்ளே 400 வாட் தேவைப்படும் கணினிக்கு முன்னது 471 வாட்டும் பின்னது 444 வாட்டும் இழுக்கும். இரவு பகல் ஓடும் கணினியில் அந்த 27 வாட் சிறிய தொகை இல்லை. என்விடியா கார்டில் ஓப்பன்சிஎல் (பல நிறுவனக் கார்டுகளுக்கும் பொதுவான நிரல்முறை) நிரல்கள் ஓடும்போது, கார்டு முடித்துவிட்டதா என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருப்பதற்காகக் கணினியின் மையச் செயலியில் ஓர் இழை முழுவதும் சுழன்றுகொண்டிருப்பது வழக்கம், அதுவும் மின்சாரம்தான். ஃபோல்டிங்@ஹோம் 2020 செப்டம்பரில் தன் நிரலை என்விடியா கார்டுகளில் அந்நிறுவனத்தின் சொந்த நிரல்முறையான கூடாவுக்கு மாற்றியபோது, பெரும்பாலான பணிகள் அதே கார்டுகளில் 15 முதல் 30 சதவீதம் வரை வேகமாயின. எவரும் ஒரு ரூபாய்க்குப் புதிய கார்டு வாங்கவில்லை.

உண்மையில் மின்சாரத்தை மிகப் பெரிய அளவில் மிச்சப்படுத்தியவர்கள் கணிதவியலாளர்களே என்று நான் நினைக்கிறேன். முன்பின் தெரியாத கணினிகள் தரும் விடைகளை நம்ப முடியாது என்பதால், தன்னார்வத் திட்டங்கள் பல ஒரே துண்டை இரண்டு பேருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுகின்றன. பயனுள்ள ஒரு விடைக்கு இருமடங்கு மின்சாரம் என்பதே இதன் பொருள். எந்தக் கார்டின் எந்த அமைப்பும் இதைச் சரிசெய்ய முடியாது. மெர்சென் பகா எண்களை (2இன் ஓர் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வருபவை) தேடும் கிம்ப்ஸ் திட்டமும் 1996 முதல் பல ஆண்டுகள் அப்படித்தான் ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை சோதித்தது. 2017இல் ராபர்ட் கெர்பிச் என்பவர் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே வன்பொருள் பிழையைக் கண்டுபிடிக்கும் ஒரு சோதனையைத் தந்தார். கிஷிஸ்டோஃப் பியெட்ஷாக் என்ற மறையியல் ஆய்வாளரின் கருத்தைக் கொண்டு, 2020இல் கிம்ப்ஸ் அடுத்த படிக்குச் சென்றது: கணக்கைச் செய்த கணினியே அதற்கு ஒரு சான்றையும் உருவாக்கி அனுப்பும்; அந்தச் சான்றைச் சரிபார்க்க மூலக் கணக்கின் ஒரு சதவீதத்துக்கும் குறைவான உழைப்பே போதும். இரண்டாம் சோதனை தேவையற்றுப் போனது. ஒரு முடிவுக்கு ஆகும் மின்செலவு ஏறக்குறையப் பாதியானது, பழைய கார்டுக்கும் புதிய கார்டுக்கும் ஒரே மாதிரியாக. 2024 அக்டோபரில் அதே திட்டம், 2இன் 13,62,79,841ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் 4,10,24,320 இலக்க எண் பகா எண் என்று அறிவித்தது. கிம்ப்ஸ் தன்னார்வலரான லூக் டூரன்ட் பல நாடுகளின் தரவு மையங்களில் வாடகைக்கு எடுத்த கிராஃபிக்ஸ் செயலிகள் அதைக் கண்டன. முதல் அறிகுறி டப்ளினில் ஓடிய ஓர் ஏ100இலிருந்து வந்தது. இரட்டைத் துல்லியத்தில் வலுவான சிப் அந்த வேலைக்கு ஏன் பொருந்தியது என்பது மேலே சொன்ன கணக்கிலிருந்தே விளங்கும்.

பழைய கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவது சிக்கனமா என்று பலர் கேட்கிறார்கள். ஜிடிஎக்ஸ் 1080 ஒன்று 180 வாட்டில் ஆண்டு முழுவதும் ஓடினால் ஏறத்தாழ 1,577 யூனிட். அச்சிட்ட எண்களை அப்படியே நம்பினால், 115 வாட்டில் 15.1 டெராஃப்ளாப் தரும் ஆர்டிஎக்ஸ் 4060 அதே வேலையை ஏறத்தாழ 590 யூனிட்டில் முடித்துவிடும். மேலே சொன்ன காரணங்களால் அந்த எண் நடைமுறையில் உயரும். ஆனாலும் சேமிப்பு சில ஆண்டுகளில் கார்டின் விலையை ஈடுகட்டக்கூடும். இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் ஓர் அனுமானத்தைச் சொல்லியாக வேண்டும்: புதிய கார்டு பழைய அளவு வேலையை முடித்துவிட்டு ஓய்வெடுக்கும் என்பது. எவரும் அப்படிச் செய்வதில்லை. புதிய கார்டும் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும். வேலை கூடும், மின்சாரம் நினைத்த அளவுக்குக் குறையாது. ஆண்டில் சில நூறு மணி நேரம் மட்டும் உதவுபவர் பழைய கார்டையே மின்வரம்பு குறைத்து ஓட்டுவது நல்லது. ஒரு புதிய சிப்பைச் செய்வதற்கும் மின்சாரமும் நீரும் செலவாகியிருக்கின்றன.

கடைசியாக, ஓடும் இடத்தைப் பொறுத்து வரும் வேறுபாடு. ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் இருக்கும் தன்னார்வலர்கள் குளிர்காலத்தில் கார்டின் வெப்பம் அறையைச் சூடாக்குவதால் அந்த மின்சாரம் வீணாகவில்லை என்பார்கள். சாதாரண மின்சூடேற்றியோடு ஒப்பிட்டால் அது சரி. ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் வெப்பத்தைத் தரும் வெப்பப் பம்பு வைத்திருக்கும் வீட்டில் அந்த வாதத்தின் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அந்த வாதம் முழுவதுமாகத் திரும்பி நிற்கிறது: கார்டு விடும் ஒவ்வொரு மூன்று வாட் வெப்பத்தையும் வெளியேற்ற ஏசி ஏறத்தாழ ஒரு வாட் கூடுதலாக எடுக்கும். 300 வாட் கார்டு உண்மையில் 400 வாட் கார்டாகிறது. இந்தியாவின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாகிறது. அணுமின்சாரத்தை நம்பியிருக்கும் பிரான்சில் அதில் ஒரு சிறு பங்கே வெளியாகிறது. ஒரே கார்டு, ஒரே பணித்துண்டு. சுமை மட்டும் பல மடங்கு வேறுபடுகிறது.

எனவே நம் பக்கத்தில் கணிப்பை எந்த மணி நேரங்களில் ஓட்டுவது என்பதும் மின்வரம்பைப் போலவே முக்கியமான அமைப்பு. பாயிங்க் மென்பொருளின் அமைப்பில் எந்தக் கிழமையில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை கணிக்கலாம் என்று குறிக்க இடம் இருக்கிறது. கூரையில் சோலார் பேனல் வைத்திருக்கும் வீடு பகல் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை என்று அதில் எழுதலாம். ஏசி ஓடும் அறையிலிருந்து கணினியைக் காற்றோட்டமுள்ள வேறு அறைக்கு மாற்றலாம். ஏப்ரல், மே மாதங்களில் நிறுத்தி வைத்து, மழைக்காலம் தொடங்கிய பிறகு மறுபடி ஓடவிடலாம். பகா எண்களும் துடிப்பு விண்மீன்களும் நவம்பர் வரை காத்திருக்கும்.